ரெண்டு இடது கை

இதை நான் சொன்னேன்னு என் தம்பி பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா, துணி வெட்டற கத்திரிக்கோலாலயே என் நாக்கை நறுக்கிடுவா. நறுக்கட்டும். அதுக்கு முன்னாடி சொல்லி முடிச்சுடறேன். என் வயித்துல ஒரு விஷயம் தங்காதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் கூடவே வச்சிருக்கான்னா நான் என்ன பண்றது?

தெருவுல எல்லாரும் அவளைக் கத்திரின்னுதான் சொல்லுவாங்க. தையல்காரிங்கறதால மட்டும் வந்த பேர் இல்ல. வாயும் கத்திரிதான். "இடுப்புப் பக்கம் கொஞ்சம் இறுக்கமா இருக்கு"ன்னு யாராவது வந்து நின்னா, "துணி அப்படியேதான் இருக்கும்மா, நீங்கதான் விரிஞ்சுட்டீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. அப்படியும் ஆள் வரும். ஏன்னா அவ வெட்டு அப்படி. ஒருத்தி வாசல்ல ஏறி உள்ள வர்றதுக்குள்ளயே தோள் அகலம், கை நீளம் எல்லாம் இவ கண்ணுல பதிஞ்சுடும். டேப்பை எடுக்கறது சும்மா ஒரு மரியாதைக்கு.

கடைன்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. வீட்டோட முன்னறைதான். ஜன்னலுக்குக் கீழ மெஷின், சுவரோரமா வெட்டற மேசை, மேசைக்கு அடியில ஒரு தகரப் பெட்டி, மூலையில ஒரு முக்காலி. முக்காலி என்னோடது. பட்டனுக்கு ஓட்டை போட்டு அதைச் சுத்தி நூல் கட்டறதுக்குக் காஜா எடுக்கறதுன்னு பேரு. அந்த வேலையும் என்னோடது. நாத்தனாருக்கு பயந்து நடுங்கற தம்பி பொண்டாட்டிகளை நீங்க நிறையப் பார்த்திருப்பீங்க. தம்பி பொண்டாட்டிகிட்ட சம்பளமும் வாங்கிட்டுத் திட்டும் வாங்கற நாத்தனார் உலகத்துலயே நான் ஒருத்திதான். "அண்ணி, இது காஜாவா, எலி கடிச்ச ஓட்டையா?"ன்னு கேப்பா. வாய் நிறைய அண்ணின்னு கூப்பிட்டுத்தான் கேப்பா, அதுல ஒரு குறையும் வைக்க மாட்டா.

அந்தத் தகரப் பெட்டியைப் பத்தி சொல்லியாகணும். ரெண்டு மீட்டர் துணி போதும்னா இவ ரெண்டரை வாங்கிட்டு வரச் சொல்லுவா. மிச்சம் பெட்டிக்குள்ள போயிடும். கேட்டா "வெட்டுல போச்சு"ம்பா. இதைத் திருட்டுன்னு எந்தத் தையல்காரரும் ஒத்துக்க மாட்டாங்க. தொழில்ல இதெல்லாம் சகஜம்னு சொல்லுவாங்க. அது சகஜம்னு ஒத்துக்காத ஒரே ஆள் எதிர்ச்சாரியில கடை போட்டிருந்த இவளோட கூடப் பிறந்த தங்கச்சி, சின்னவ. தேவைக்கு மேல ஒரு சாண் துணி கேக்க மாட்டா. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சினாலும் தச்ச உடுப்போட சேர்த்துக் குண்டூசி குத்தித் திருப்பிக் குடுத்துடுவா. "பெரிய உத்தமி, இவ பிழைச்ச மாதிரிதான்"னு கத்திரி உதட்டைப் பிதுக்குவா.

இப்படி ரெண்டு பேரும் அவங்கவங்க பாட்டுக்கு இருந்தப்ப, எங்க சர்ச்சுக்குப் புதுசா ஒரு நற்கருணை மேசை வந்துச்சு. ரொட்டியும் திராட்சை ரசக் கிண்ணமும் வச்சு ஜெபிக்கற, கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்ட மேசை. "இதுக்கு ஒரு விரிப்பு வேணும். யாருக்கு மனசு இருக்கோ குடுங்க"ன்னு போதகர் சொன்னாரு. அவர் சொல்லி வாயை மூடறதுக்குள்ள கத்திரி கையைத் தூக்கிட்டா. பெட்டியில இருந்த வெள்ளை சாட்டின் துண்டெல்லாம் எடுத்து, ஒட்டே தெரியாம இணைச்சு, ஓரம் பூரா லேஸ் வச்சு, பார்த்தா மயங்கி விழணும், அப்படித் தச்சா. அதை மடிச்சா எடுத்துட்டுப் போனா? ரெண்டு கையிலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு சர்ச்சுக்குள்ள ரெண்டு பக்க வரிசைக்கும் நடு வழியில நடந்து போனா. கடைசி வரிசையில தூங்கிட்டிருந்தவங்க கூட முழிச்சுக்கிட்டாங்க. சின்னவளும் ஒண்ணு கொண்டு வந்தா. கெட்டிப் பருத்தித் துணி, லேஸ் கிடையாது, ஓரம் மட்டும் கையால மடிச்சுத் தச்சது. பேப்பர்ல சுத்தி ஒரு நாற்காலி மேல வச்சுட்டு வெளியே போயிட்டா.

அடுத்த ஞாயித்துக்கிழமை கத்திரியோட விரிப்புதான் மேசை மேல. போதகர் கிண்ணத்தை எடுத்து வச்சாரு. சாட்டின் வழவழ, அடியில மேசையும் வழவழ. கிண்ணம் தன்பாட்டுக்குப் புறப்பட்டுப் போச்சு! அவர் பாய்ஞ்சு பிடிச்சாரு பாருங்க, பந்து பிடிக்கற பசங்க தோத்தாங்க. பாட்டுப் பாடற பொண்ணுங்க பாட்டுப் புஸ்தகத்தால மூஞ்சியை மூடிக்கிட்டு சிரிச்சதுங்க. அதுக்கு அடுத்த வாரம் மேசையில சின்னவ குடுத்த பருத்தி விரிப்பு. இவளோடது? சபைப் பொருளாளர் அம்மா அதை மடிச்சுப் பாட்டுக்கு வாசிக்கற கீபோர்டு மேல போட்டிருந்தாங்க. "தூசி படாம இருக்கும், அளவும் கச்சிதமா இருக்கும்மா"ன்னு பாராட்டு வேற.

கத்திரி முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. "என் கை வேலை தூசித் துணியா? எல்லாம் அவ சொல்லிக் குடுத்துப் பண்ண வச்சது"ன்னு வழி நெடுக என்கிட்ட கத்தினா. "அடியே, துணி வழுக்கிச்சு. அதுக்கு சின்னவ என்னடி பண்ணுவா?"ன்னேன். காதுல போட்டுக்கவே இல்ல. அன்னியிலிருந்து தங்கச்சி எதிர்ல வந்தா இவ வேற பக்கம் திரும்பிப்பா. போதாக்குறைக்கு, எங்க சர்ச்சுல நர்ஸா இருக்கற ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாச்சு. கல்யாண கவுனை இவகிட்ட குடுக்கறதாத்தான் இருந்தாங்க. அந்த மேசை விரிப்போட ஓரத் தையலைப் பார்த்துட்டு அம்மாக்காரி சின்னவகிட்ட குடுத்துட்டா. எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு.

ஒரு நாள் போதகர் பேன்ட் உயரம் குறைக்கறதுக்குக் கடைக்கு வந்தாரு. வந்தவர் இவ மூஞ்சியைப் பார்த்துட்டு, பேன்ட்டை விட்டுட்டுக் கதை சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. "உலகத்துல முதல் அண்ணன் தம்பிக்கே இந்தப் பிரச்சினை வந்துச்சும்மா. ரெண்டு பேரும் காணிக்கை கொண்டு போனாங்க. தம்பியோடதைக் கடவுள் ஏத்துக்கிட்டாரு, அண்ணனோடதை ஏத்துக்கல. அண்ணனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்பவும் கடவுள் அவனை விட்டுடலம்மா. அவன்கிட்டத்தான் வந்து பேசினாரு. நீ சரியா நடந்தா உன்னையும் ஏத்துக்க மாட்டேனான்னு கேட்டாரு. அவன்தான் காது குடுக்கல, தம்பியையே கொன்னுட்டான்." கத்திரி துணியில கோடு போடற சுண்ணக்கட்டியைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. அவர் வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு, "பாவம் வாசல்லயே படுத்திருக்கும்மா. பார்த்துக்கங்க, உள்ள விட்டுடாதீங்க"ன்னாரு.

அவர் முதல்ல சொன்ன கதையை நான் சரியாக் கவனிக்கல, பின்னால கத்திரி சொல்லித்தான் தெரியும். காஜாவுல கண்ணா இருந்தேன். கடைசியில சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. வெளியே மழை வேற. ஐயோ பாவம், எந்த நாயோ நனைஞ்சு வந்து படுத்திருக்கு போலிருக்கு, இந்த மனுஷன் ஈவு இரக்கம் இல்லாம உள்ள விடாதேங்கறாரேன்னு எனக்குக் கோபமே வந்துடுச்சு. ஒரு துண்டு ரொட்டி எடுத்துட்டு வாசலுக்குப் போய் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். "எங்கங்க ஐயா? ஓடிடுச்சா?"

அவர் என்னைப் பார்த்தாரு, ரொட்டியைப் பார்த்தாரு, அப்புறம் சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. கத்திரிக்கே சிரிப்பு வந்துடுச்சு. "அண்ணி, அவர் சொன்னது அந்தப் பாவம் இல்ல. செய்யற பாவம்"னா. நான் அந்த ரொட்டியை நானே தின்னுட்டு முக்காலியில உக்காந்துட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். ஜிப் தைக்கறதுக்கு மெஷின்ல ஊசிக்கு அடியில மாட்டற ஃபூட் ஒண்ணு இரவல் வாங்கலாம்னு சின்னவ கடைக்குப் போனேன். அக்காவும் தங்கச்சியும் பேசிக்கலைன்னா நானும் பேசாம இருக்கணுமா என்ன? உள்ள போனா, சின்னவ தரையில உக்காந்திருக்கா. மடியில ஐவரி கலர் சாட்டின் கவுன். உடம்பு, பாவாடை எல்லாம் தச்சு முடிஞ்சு ஜம்முனு இருக்கு. முன்னாடி ரெண்டு கைத்துணி விரிச்சு வச்சிருக்கா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு.

"ரெண்டும் இடது கை அண்ணி"ன்னா.

தையல் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குழிக்குப் பொருந்தற வளைவு முன்னால ஆழமா இருக்கும், பின்னால கொஞ்சம் கம்மியா இருக்கும். அதனால வலது கைத்துணி வேற, இடது கைத்துணி வேற. துணியை ரெண்டா மடிச்சு வெட்டினா ஜோடி தானா வந்துடும். துணி பத்தலைன்னு ஒத்தையா விரிச்சு வெட்டினா, ஒரு கை வெட்டினதும் அளவுக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்டணும். சின்னவ திருப்ப மறந்துட்டா. சாட்டினுக்கு ஒரு பக்கம்தான் பளபளப்பு, மறுபக்கம் மங்கல், அதனால புரட்டிப் போட்டும் தைக்க முடியாது. இவதான் உத்தமியாச்சே, அளந்து வாங்கச் சொன்ன துணி, ஒரு விரல்கடை மிச்சம் இல்ல. கடையில கேட்டா, அந்தத் துணி தீர்ந்து போச்சு, இனி வராதுன்னுட்டாங்க.

"காலையில கல்யாணம். நான் எந்த மூஞ்சியோட அந்தப் பொண்ணு முன்னாடி நிப்பேன்? இனிமே ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டாங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

சொல்ல மாட்டேன்னு தலையை ஆட்டிட்டு, தெருவைத் தாண்டின உடனே சொல்லிட்டேன்.

கத்திரி சிரிச்சா பாருங்க! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. "ரெண்டு இடது கையா? நல்லதாப் போச்சு. மோதிரம் போட எந்தக் கைன்னு மாப்பிள்ளை தேட வேண்டாம்!" எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. "சிரிக்காதடி. அவ பிழைப்பு போகப் போகுது. நீ ஏதாவது பண்ணேன்"னேன். சிரிப்பு நின்னுது. மெதுவா சொன்னா, "அந்தத் துணி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணி. ரோலோட கடைசித் துண்டை நான்தானே வாங்கினேன்."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பீரோவுல அவ வச்சிருந்த ஐவரி கலர் சாட்டின்! என் தம்பிக்கும் அவளுக்கும் கல்யாணமாகி இருபத்தஞ்சாவது வருஷம் வரப்போகுது. ஊருக்கெல்லாம் விதவிதமா தச்சுப் போட்டவ, தனக்குன்னு நல்லதா ஒண்ணு தச்சுக்கிட்டதே கிடையாது. சாயம் போன கவுன்லதான் காலம் தள்ளுவா. இந்த ஒரு தடவை மட்டும் காசு சேர்த்து, அவ காசுல, தனக்குன்னு வாங்கினா. அப்பப்ப பீரோவைத் திறந்து அதைத் தொட்டுப் பார்த்துட்டு மூடி வைப்பா. நானே பார்த்திருக்கேன்.

"நான் ஒண்ணும் பண்ண வேண்டாம் அண்ணி"ன்னா. "அவளுக்குக் கெடுதல் பண்ணவா போறேன்? சும்மா இருக்கப் போறேன், அவ்வளவுதான். சும்மா இருக்கறது குத்தமா?" சொல்லிட்டு மெஷின்ல உக்காந்து மிதிக்க ஆரம்பிச்சா. கடகடன்னு ஓடுது. நான் எட்டிப் பார்த்தேன். ஊசிக்குக் கீழ துணியே இல்ல. வெறும் மெஷினை ஓட்டிக்கிட்டிருக்கா.

ரொம்ப நேரம் அப்படி ஓட்டினா. அப்புறம் காலை எடுத்துட்டா.

"அண்ணி, அன்னிக்கு நீங்க ரொட்டி எடுத்துட்டு வாசலுக்குப் போனீங்கல்ல?"

"இப்ப எதுக்குடி அதை இழுக்கற?"

"நான் உங்களைப் பார்த்து சிரிச்சேன். நான் பண்றதும் அதேதான் அண்ணி. வாசல்ல படுத்திருந்த பாவத்தை, ஐயோ பாவம்னு சொல்லி ரொட்டி போட்டு வளர்த்திருக்கேன். பாவம் நான், எனக்கு எவ்வளவு அவமானம். பாவம் நான், என் கோபத்துல என்ன தப்புன்னு தினமும் போட்டேன். இப்ப அது வாசல்ல இல்ல, உள்ள வந்து கட்டில்ல கால் நீட்டிப் படுத்திருக்கு. பாவம்னு சொல்லணும்னா என் தங்கச்சியைப் பார்த்து நான் சொல்லியிருக்கணும்."

 அவளே மேல பேசினா. "அந்த விரிப்பு இருக்கே, அதுல என்னோடது ஒரு முழம் கூட இல்ல. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அடுத்தவங்க துணியை எடுத்துக் கடவுளுக்கு விரிச்சேன். நான் குடுக்கப் போகல அண்ணி, கைதட்டல் வாங்கப் போனேன். சின்னவ குடுத்துட்டுத் திரும்பிக் கூடப் பார்க்காம போயிட்டா. எனக்கு எரிஞ்சது அதுதான்." திடீர்னு எந்திரிச்சு நின்னு, வாசலைக் கை காட்டி, "எந்திரி! வெளிய போ!"ன்னு ஒரு அதட்டல். நான் பதறிப் போய் முக்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன்.

"ஐயோ, உங்களை இல்ல அண்ணி!"ன்னா. "ஆண்டவரே, இது என் பேச்சைக் கேக்காது, நீங்க கூட நில்லுங்க"ன்னு கண்ணை மூடிச் சொன்னா. ஜெபம் அவ்வளவுதான். பீரோவைத் திறந்தா.

சின்னவ எங்களைப் பார்த்ததும் சுவரோட ஒட்டிக்கிட்டா. அக்கா கேலி பண்ண வந்திருக்கான்னு நினைச்சிருப்பா. கத்திரி ஒண்ணும் பேசாம மேசையைத் துடைச்சு, சாட்டினை விரிச்சு, அளவுக் காகிதத்தை எடுத்து ஒழுங்காத் திருப்பிப் போட்டா. துணியோட நட்ட நடுவுல. சின்னவளுக்கு அப்பத்தான் அது என்ன துணின்னு புரிஞ்சுது.

"அக்கா, வேண்டாம். இது உன் கல்யாண நாளுக்கு வாங்கினது. வெட்டித்தான் ஆகணும்னா ஓரத்துல வெட்டு. நடுவுல வெட்டினா உனக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"ஓரமெல்லாம் மடிப்பு விழுந்து மஞ்சளாயிருக்கு. வெளிச்சத்துல காட்டிக் குடுத்துடும். கடவுள் முன்னாடி போய் நிக்கப் போற பொண்ணுக்கு ஓரத் துணியையா குடுப்பாங்க?"ன்னா. கத்திரிக்கோலைத் துணியில வச்சா. வச்சவ எடுத்துட்டு, துணியை ஒரு தடவை உள்ளங்கையால நீவி விட்டா. எத்தனையோ வருஷமா அவ பக்கத்துல உக்காந்திருக்கேன், வெட்டறதுக்கு முன்னாடி அவ தயங்கி நான் பார்த்ததில்ல.  அப்புறம் ஒரே வெட்டு, வளைவு கூட நிக்காம.

அக்கா தைக்க, தங்கச்சி நூல் பிரிக்க, நான் பட்டன் வைக்க, விளக்கு வைக்கற நேரத்துக்குள்ள வலது கை ஏறிடுச்சு. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க? சின்னவ அக்கா தோள்ல முகத்தை வச்சு அழுதா. "கவுன் மேல அழாதடி, கறை பட்டுடும்"னு இவ அதட்டினா.  கிளம்பறப்ப கத்திரி சொன்னா, "வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு சபையில கேட்டிருக்கோம்ல? இந்த வலது கை விஷயம் இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. முக்கியமா நீங்க, அண்ணி."

கல்யாணத்துல அந்தப் பொண்ணு நடந்து வந்தப்ப சர்ச்சே திரும்பிப் பார்த்துச்சு. எந்தக் கை எந்தத் துணின்னு எனக்கே தெரியல. வெளிய வந்ததும் பொருளாளர் அம்மா நேரா கத்திரிகிட்ட வந்து, "உன் தங்கச்சி கை வேலையைப் பார்த்தியா? அந்தக் கை எவ்வளவு அழகா உக்காந்திருக்கு! நீயும் வருஷக்கணக்கா தைக்கறியே"ன்னாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. வாயைத் திறந்தேன். என் கால் மேல ஒரு கால் ஏறி நின்னுது. அந்தப் பக்கம் சின்னவ "அது வந்து..."ன்னு ஆரம்பிச்சா. இவ ஒரு பார்வை பார்த்தா, அவளும் அடங்கிட்டா. "ஆமாங்க, அவ தையல் சுத்தம்"னு சிரிச்ச முகமா சொல்லிட்டு நகர்ந்துட்டா.

அதுக்கப்புறம் தகரப் பெட்டி காலியாச்சு. யாரோடதுன்னு தெரிஞ்சதெல்லாம் திருப்பிக் குடுத்தா. இப்பல்லாம் அளந்துதான் துணி கேக்கறா. பழைய வாடிக்கையாளர் ஒருத்தங்க, "என்னம்மா ரெண்டு மீட்டர் போதுங்கற, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு பயந்து போய்க் கேட்டாங்க.

இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு சர்ச்சுல நன்றி ஜெபம் வச்சோம். என் தம்பி புதுச் சட்டையில நின்னான். பக்கத்துல இவ, அதே பழைய நீலக் கவுன். நடுவுல வெட்டின துணியில ஒரு மேல்சட்டை கூட வரல. பொருளாளர் அம்மா விட்டாங்களா? "ஊருக்கெல்லாம் தைக்கறவ, இன்னிக்காவது புதுசா ஒண்ணு போட்டுக்கக் கூடாதா? இப்படியும் ஒரு கஞ்சத்தனமா!"ன்னு எல்லாரும் கேக்கச் சொன்னாங்க. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. சின்னவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

வீட்டுக்கு வர்ற வழியில நான் வெடிச்சுட்டேன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தம்மா வாயை அடைச்சிருக்கலாம்டி. உனக்கு வலிக்கவே இல்லையா?"

"வலிச்சுது அண்ணி. நல்லாவே வலிச்சுது. அந்த கவுனைப் போட்டு ஒரு தடவையாவது கண்ணாடி முன்னாடி நிக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? சொல்லிடுன்னு நாக்கு துடிச்சுது. சொல்லியிருந்தா, அந்த விரிப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்தேனே, அதே கதைதான்." நடந்துக்கிட்டே அந்த நீலக் கவுனோட சுருக்கத்தை இழுத்து விட்டா. "வலிக்காம குடுத்தா அதுக்குக் குடுக்கறதுன்னா பேரு? கழிச்சுக் கட்டறதுன்னு பேரு. நான் அதைத்தான் இத்தனை வருஷம் பண்ணிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துடுச்சு. நடு ரோட்டுல நின்னு அழுதேன். "வாங்க அண்ணி, மழை வர்ற மாதிரி இருக்கு"ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா.